இருந்தபடி இருக்கவேண்டிய பஸ் ஸ்டாண்ட்

வியாழக்கிழமை காலையில் தளவாய் மூச்சுவிடுவதில்லை. அது மருத்துவர் சொன்ன பயிற்சி ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நக உயரமே உள்ள ஒரு கண்டக்டரின் தோளில் தூசி தட்டும்போது மூச்சுவிட்டால், கண்டக்டர் சாய்ந்து பூக்காரிமேல் விழுவார், பூக்காரி நாயின்மேல் விழுவாள், நாய் மேசைக்கு அடியில் போய்விடும். பிறகு ஐம்பத்தைந்து வயதில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, எறும்பளவு நாயை "ச்சூ, ச்சூ" என்று கூப்பிட வேண்டியதுதான். கூப்பிட்டும் இருக்கிறார். வந்ததில்லை.

தளவாய் என்றால் படைத்தலைவர் என்று பொருள். மகன் கையில் கடைசியில் அணில்முடித் தூரிகைதான் ஆயுதமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் அவருடைய அப்பா வேறு பெயரை யோசித்திருப்பார். படைக்கு என்னவோ குறைவில்லை. சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு பஸ் ஸ்டாண்ட். அதில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிற நூற்றுச் சொச்சம் பேர். பலாப்பழம் சுமக்கிறவர், குடை பிடித்த பெண், பஸ்ஸின் கூரையில் ஆட்டுக்குட்டியை ஏற்றுகிறவர், ஊரே பார்க்கச் சுவர்ப்பக்கம் திரும்பி ஒதுங்குகிற ஒருவர். எல்லாம் பிசினில் வார்த்துக் கையால் வண்ணம் தீட்டியவை. மினியேச்சர் என்பதற்குக் குறுவுரு என்று பெயர் வைத்தவள் தளவாயின் மனைவி ஆவுடை. வார்த்தவள், தீட்டியவள், மேசைமேல் பரப்பியவள் எல்லாம் அவளே. தட்டுகிற வேலை மட்டும் இவருக்கு.

தூசி என்றால் சாதாரணத் தூசி இல்லை. கடல் ஊருக்குள் வந்து, மழை ஊரைவிட்டுப் போனபின், தேரிக்காட்டுச் செம்மணல் காற்றேறி வந்து வீடுவீடாகக் குடியிருக்கத் தொடங்கிவிட்டது. ஒரு வாரம் விட்டால் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் குங்குமம் கொட்டியதுபோல் ஆகிவிடும். கண்ணாடிப் பெட்டி ஒன்று போட்டு மூடினால் விவகாரம் முடிந்தது. ஆனால் கண்ணாடிப் பெட்டி கூடாது. ஆவுடை கிளம்பிய அன்று இந்த மேசைமேல் கண்ணாடிப் பெட்டி இல்லை. அன்று இல்லாதது இன்றும் இருக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

பெருக்கி என்று வீட்டில் ஓர் இயந்திரம் உண்டு. அதை நம்பி ஒருமுறை தூசி தட்ட விட்டார். அது நாயை விழுங்கிவிட்டது. வயிற்றைத் திறந்து நாயை எடுத்து, முன்னங்கால் ஒன்றை ஒட்டவைத்து நிறுத்தினார். அன்றிலிருந்து நாய் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. பெருக்கியும் தன்னைப் பார்த்தால் கொஞ்சம் சாய்ந்துதான் போகிறது என்று தளவாய்க்கு ஒரு எண்ணம்.

ஆவுடை 'நெய்தல்' என்ற கப்பலில் பக்கத்து விண்மீனுக்குப் போயிருக்கிறாள். பக்கம் என்றால் வானத்துக்காரர்கள் கணக்கில் பக்கம். ஒளியை விரட்டிக்கொண்டு ஓடுகிற கப்பலுக்குள் நேரம் மெதுவாக நகரும். டைம் டைலேஷன், காலச்சுணக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது தளவாய் அதை இரண்டு மதிப்பெண் கேள்வி என்று விட்டுவிட்டார். இப்போது அது அவருடைய வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு இரண்டு வருஷம். இங்கே பத்தொன்பது.

முதன்முதலில் இப்படிப் போய்த் திரும்பியவர்களில் ஒருவர், சமையலறை இருந்த இடத்தில் குளியலறை இருப்பதைப் பார்த்து அங்கேயே தரையில் உட்கார்ந்தவர், மூன்று மாதம் வாய் திறக்கவில்லையாம். இதற்குத் திரும்பல் அதிர்ச்சி என்று பெயர் வைத்தது பயணியர் நல வாரியம். பெயர் வைத்த கையோடு இருந்தபடி விதியையும் கொண்டுவந்தது. பயணி கிளம்பும் நாளில் வீட்டை மூலைமுடுக்கு விடாமல் இடநகல் எடுப்பார்கள். திரும்பும்போது வீடு அந்த நகலைப்போல இருந்தால் பயணி நேரே வீட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால் ஒரு வருஷம் பழகு இல்லத்தில் இருந்து, மாறிப்போன உலகத்தைத் தவணை முறையில் தெரிந்துகொண்டு வரவேண்டும். குடும்பத்தார் அங்கே போய்ப் பார்க்க முடியாது. அதிர்ச்சிகளிலேயே பெரியது குடும்பத்தாரின் முகம்தான் என்பது வாரியத்தின் கண்டுபிடிப்பு.

மனிதர்களுக்கு வயதாவதை வாரியத்தால் தடுக்க முடியாது. அலமாரிகளைத் தடுக்கலாமல்லவா?

ஆகவே சுவரில் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய நாட்காட்டி. குளியலறையில் அவளுடைய பல்துலக்கி, முடிகள் ஒரு பக்கம் சாய்ந்தபடி. கட்டிலருகே நடுவில் மடித்துக் கவிழ்த்த வார இதழ். தளவாய் அதை ஒருமுறைகூட நிமிர்த்திப் படித்ததில்லை. நடுக்கூடத்தில் பீர்க்கம்பூ நிறத்தில் ஒரு திரைச்சீலை, பார்க்கிறவர்களுக்கு மஞ்சள்காமாலை வந்ததுபோலத் தோன்றும். அதையும் மாற்றக் கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இடநகலை வாரியம் குடும்பத்தாரிடம் காட்டாது. காட்டினால் அதைப் பார்த்துப் பார்த்துப் போலி செய்துவிடுவார்களாம். எது எப்படி இருந்தது என்று நீங்களே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். முந்தாநாள் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாத மனிதரிடம் அரசாங்கம் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தது.

அந்த வியாழக்கிழமை, கண்டக்டரின் தொப்பி விளிம்பில் தூரிகை நுனியை வைத்த சமயத்தில் வாசல் கதவு படாரென்று திறந்தது.

"அண்ணாச்சி! மீனு செத்துப்போச்சு!"

தளவாய் மூச்சுவிட்டுவிட்டார். கண்டக்டர் விழுந்தார். பூக்காரி விழுந்தாள். நாய் மேசைக்கு அடியில் போயிற்று.

வந்தவள் பக்கத்து வீட்டுக் கோமு. அவளுடைய வீட்டுக்காரர் அதே கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர். கிளம்பும்போது தொட்டியில் ஒரு ஆரஞ்சு மீனை விட்டுவிட்டுப் போனார், வாலில் கறுப்புப் புள்ளியோடு. மீன்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் இருப்பதில்லை. கோமு கடைகடையாக ஏறி, அதே இடத்தில் புள்ளி உள்ள மீனைத் தேடித்தேடி மாற்றிக்கொண்டே இருக்கிறாள்.

"அந்த மனுஷன் போற போக்குல ஒரு பூனைய விட்டுட்டுப் போயிருக்கலாம். கல்லுப் பிள்ளையார விட்டுட்டுப் போயிருக்கலாம்," என்றாள் கோமு. "புள்ளி வச்ச மீனுக்கு இப்ப நான் எங்கன போவேன்? நாளைக்கி அவ வாரா."

"எவ வாரா?"

"வாரியத்துக்காரி, வீட்ட ஒப்பிட்டுப் பாக்குற ஒப்பான் மிஷினத் தூக்கிக்கிட்டு! கப்பலு நிலாவத் தாண்டிட்டாம்லா. நாளன்னைக்கி எறங்குது. ஒங்களுக்குச் சேதி வரலையா?"

சேதி வந்திருந்தது. தூசி தட்டும்போது அலைபேசியை வாய்மூட வைத்திருப்பது அவர் வழக்கம். எடுத்துப் பார்த்தார். ஆவுடையின் பெயரும் நாளை மறுநாள் என்ற சொல்லும் ஒரே வரியில் இருந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட இருக்க பெயிண்டுல ஒரு பொட்டு, வால்ல வச்சா தண்ணியில நிக்குமா?"

"என்கிட்ட ஏது பெயிண்டு?"

"போங்க அண்ணாச்சி. பத்துப் பதினஞ்சு வருஷமா ஒங்க சன்னல் வழியா டர்பன்டைன் வாடை வருது. ஒண்ணு நீங்க பெயிண்டு அடிக்கீக, இல்லன்னா அதக் குடிக்கீக. குடிச்சிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பீக."

அதற்குமேல் மறைக்கவும் இடம் இல்லை, ஆளும் சரியில்லை. அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கோமுவின் கையில் கொடுத்து, மேசையைக் காட்டினார். குனிந்து பார்த்த கோமு, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அது பத்தொன்பது வருஷத்தில் நடக்காத காரியம்.

விஷயம் இதுதான். ஆவுடை போன மூன்றாம் வருஷம் பெரிய செம்புழுதிக் காற்று ஒன்று அடித்தது. வாரக்கணக்கில் தினமும் தட்டினார். ஒருநாள் ஏதோ தோன்றி முதன்முறையாக உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், பலாப்பழக்காரருக்கு முகம் இல்லை. கண் இல்லை, வாய் இல்லை. வழவழவென்று ஒரு மாநிற உருண்டை. பதறிப்போய் அடுத்த ஆளைப் பார்த்தார். அவருக்கும் இல்லை. நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் இல்லை. தேரிமணலையும் தூரிகையையும் சேர்த்துத் தேய்த்தால் அது உப்புத்தாள்தானே! மனைவி ஆசையாகத் தீட்டிய முகங்களை எல்லாம், அவள் வருவதற்கென்றே பாதுகாக்கிறேன் பேர்வழி என்று, தாமே தேய்த்துத் தீர்த்துவிட்டோம் என்று தளவாய்க்கு விளங்கியது. அன்று அவர் சோறு உண்ணவில்லை. மறுநாள் மூன்றே மூன்று முடி உள்ள தூரிகை ஒன்று வாங்கிவந்தார்.

முதலில் போட்ட முகங்கள் மோசம். பலாப்பழக்காரர் பலாப்பழம்போலவே இருந்தார். அழித்தார், போட்டார், அழித்தார். நாலைந்து வருஷத்தில் கை பழகியது. ஒரு வருஷத்துக்கு ஏழெட்டு முகம். ஒவ்வொன்றுக்கும் ஆவுடை என்ன முகம் வைத்திருந்தாள் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்ப்பார். நினைவுக்கு வரும், உறுதியாக வரும். கொண்டுவந்து வரைவார். என்ன, ஒன்றுதான் சரிப்படவில்லை. எத்தனை கவனமாக வரைந்தாலும் எல்லார் முகத்திலும் ஒரு எரிச்சல் வந்து ஒட்டிக்கொண்டது. புருவம் முடிச்சு விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணி. கொடைக்குப் போகிற கூட்டம் மாதிரி இல்லை, வாரியத்தில் கையெழுத்துக்கு நிற்கிற கூட்டம் மாதிரி இருந்தார்கள்.

"எல்லாரும் நம்மளயே மொறைக்காக," என்றாள் கோமு கடைசியில். "ஆனா ஆளாளுக்கு வேற மாரி மொறைக்காக, அண்ணாச்சி."

மறுநாள் காலையில் வந்த வாரியத்துக்காரி ஜெபக்கனி, வாசலிலேயே செருப்பைச் சீராக இணைத்துக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்த பெண். நெய்தல் கிளம்பும்போது பால்வாடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்திருப்பாள். கையில் இட்லித்தட்டு அளவில் ஒப்பான். அதை ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் பிடித்தாள். அது வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் பேசியது.

"திரைச்சீலை. பொருந்துகிறது. நாட்காட்டி. பொருந்துகிறது. பல்துலக்கி. பொருந்துகிறது."

"நல்லா வச்சிருக்கீக அண்ணாச்சி," என்றாள் ஜெபக்கனி. "போன வாரம் ஒரு வீட்ல பல்துலக்கிய நாய் தூக்கிட்டுப் போயிருச்சு. வேற ஒண்ண வாங்கி, அவுகளே பல்லு தேச்சுத் தேச்சுப் பழசாக்கி வச்சிருந்தாக. ஒப்பான் கண்டுபிடிச்சிருச்சு."

தளவாய் சிரிக்க முயன்றார். ஒப்பான் மேசைக்கு வந்தது.

"பேருந்து. பொருந்துகிறது. பேருந்து. பொருந்துகிறது. நாய். ஏற்கத்தக்க சாய்வு."

அவருக்கு உயிர் வந்தது.

"நடத்துநர். மிகை. பூ விற்பவர். மிகை. குடை. பொருந்துகிறது. குடை பிடித்தவர். மிகை. மிகை. மிகை. மிகை."

"நிறுத்துங்கம்மா அத!" என்றார் தளவாய். "மிகைன்னா என்ன மிகை? தூசியா? நேத்துதான் தட்டினேன்."

"தூசின்னா தூசின்னு சொல்லிருமே. இது ஏதோ கூடுதலா இருக்குங்கு." ஜெபக்கனி தட்டைத் திருப்பி ஏதோ அழுத்தினாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய பஸ் ஸ்டாண்ட், காற்றில் கதவளவுக்கு விரிந்தது. கண்டக்டர் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றார். சட்டைப் பொத்தான் தெரிந்தது. பையின் தையல் தெரிந்தது. தொப்பிக்குக் கீழே மாநிறமாய், வழவழப்பாய் ஓர் உருண்டை இருந்தது.

"இவனுக்கு மூஞ்சி எங்க?"

"இல்லையே அண்ணாச்சி."

"தேய்ஞ்சுபோச்சு. அது என் தப்புதான். அதுக்கு முந்தி எடுத்த நகலக் காட்டுங்க."

"இதுதான் முந்தி எடுத்தது. அவுக கெளம்புன அன்னைக்கி எடுத்தது. இதுக்கு முந்தி நகலே கெடையாது." அவள் தட்டை மெல்ல நகர்த்தினாள். பூக்காரிக்கு முகம் இல்லை. குடைக்காரிக்கு முகம் இல்லை. "அவுக வரையவே இல்ல அண்ணாச்சி. முடிக்காமப் போயிருக்காக."

தளவாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி இடம் மாறியதாக ஒப்பான் ஒருமுறை கத்தி அடங்கியது. கிளம்புவதற்கு முந்தைய அந்த மாதம் இப்போதுதான் அவருக்கு உள்ளபடி நினைவுக்கு வந்தது. பயிற்சியிலிருந்து வந்து, சாப்பிடாமல்கூட, இந்த உருக்களின் சேலைக் கரை வரைந்துகொண்டிருப்பாள் ஆவுடை. முகம் கடைசியில்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி வருவதற்குள் கப்பல் வந்துவிட்டது. அப்போது அவர் இந்த மேசையைப் பார்த்ததே இல்லை. பார்த்தது முழுக்க அவளைத்தான். இல்லாத முகங்களைத் தேய்த்துவிட்டதாக நினைத்து நொந்து, இல்லாத முகங்களை நினைவுகூர்ந்து, பத்துப் பதினைந்து வருஷம் வரைந்திருக்கிறார்!

"இதுக்காக எவ்வளவு மார்க்கு கொறையும்?" என்றார்.

"நூத்துச் சொச்சம் உரு. எல்லாத்திலும் மிகை. வீடு தேறாது அண்ணாச்சி." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா பழகு இல்லத்துக்குத்தான் போகணும்."

"என்னம்மா நியாயம் இது? தட்டாம விட்டா தூசின்னு கழிப்பீங்க. தட்டினேன். தட்டினதுல தேய்ஞ்சுபோச்சுன்னு பயந்து வரஞ்சேன். வரஞ்சா மிகைங்கீங்க. கொறஞ்சிருந்தா அதிர்ச்சி வரும், சரி. மூஞ்சியில்லாதவனுக்கு மூஞ்சி வந்தா எவளுக்கு அதிர்ச்சி வரும்? அப்படியே ஆகட்டும், இந்தா, என் மூஞ்சியப் பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க அத. இது பொருந்துதான்னு கேளுங்க."

"மனுஷங்கள அது பாக்காது அண்ணாச்சி," என்றாள் ஜெபக்கனி. "பாத்தா எந்த வீடும் தேறாது."

அவள் உருப்பெருக்கியை எடுத்துக் குனிந்தாள். குடைக்காரியின் எதிரில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். "எங்க சித்தியேதான். ரேஷன் கடையில இப்படித்தான் நிப்பா," என்றாள். பிறகு வாரியத்துக் குரலுக்குத் திரும்பினாள். "நாளைக்கி மத்தியானந்தான் கப்பலு எறங்குது. நான் காலையில இன்னொரு வாட்டி வரலாம், விதியில எடம் இருக்கு. அதுக்குள்ள எல்லாம் இருந்தபடி இருந்தாப் போதும். எதச் செய்யணும்னு நான் சொல்லக் கூடாது."

சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அன்று மத்தியானம் தளவாய் பஞ்சையும் டர்பன்டைனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தம்மைத் தாமே அதட்டிக்கொண்டார். ஒரு தட்டில் மனைவி, மறு தட்டில் எள்ளளவு மூஞ்சிகள். எவனாவது யோசிப்பானா? யோசிக்கிற கையை அவரே தட்டிவிட்டு, முதலில் கண்டக்டரை எடுத்தார். ஒரு இழுப்பில் வாய் போயிற்று. இன்னொரு இழுப்பில் கண். ஆறேழு வாரம் பிடித்த முகம். போவதற்கு இரண்டு இழுப்பு. வரைவது எவ்வளவு கஷ்டமோ அழிப்பதும் அவ்வளவு கஷ்டமாக இருந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

கோமு வந்து, வாசல்படியிலேயே நின்று பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, துடைக்கவேண்டிய உருக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். துடைத்தவற்றை வாங்கி அதே இடத்தில் நிறுத்தினாள். ஆட்டுக்குட்டிக்காரரைக் கொடுக்கும்போது மட்டும், "இவுகள விட்டுருவோமா அண்ணாச்சி? ஒரு ஆளுதான?" என்றாள்.

"ஒப்பான் விடாது," என்றார் தளவாய். அவரையும் துடைத்தார்.

காலையில் ஒப்பான், "பொருந்துகிறது," என்று நூற்றுச் சொச்சம் தடவை சொல்லி முடித்தது. ஜெபக்கனி கையெழுத்துப் போட்டாள். போகும்போது மேசைப்பக்கம் பார்க்கவில்லை. கோமு வீட்டுப் புது மீனும் தேறியது; பெயிண்டுப் புள்ளி நின்றுவிட்டது என்று கேள்வி.

மத்தியானம் வாரியத்து வண்டி வாசலில் நின்றது. தளவாய் சட்டையை மூன்றாம் தடவையாக மாற்றியிருந்தார். தலைக்குச் சாயம் அடிக்கலாமா என்று முந்தினநாள் யோசித்து, எலி மாதிரி இருக்கும் என்று விட்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்கியவள் ஆவுடைதான். அதே நடை. இடது காதோரம் அதே சுருள் முடி. முப்பத்தெட்டு வயது. அவளை வாசலில் பார்த்ததும், தூரத்து உறவில் யாரோ பெண் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறாள் என்றுதான் ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தம்மையே திட்டிக்கொண்டார்.

அவளும் படியிலேயே நின்றாள். அவருடைய நரையையும், தொங்கிய கன்னத்தையும், சட்டைப் பொத்தானுக்கு இடையில் எட்டிப்பார்த்த வயிற்றையும் பார்த்தாள். பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்க்க முயன்றாள்.

"நல்லாருக்கீங்களா?" என்றாள்.

ஒரே வகுப்பில் படித்தவர்கள். வாலே, போலே என்று பேசிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நரை கண்டதும் அவளுடைய வாய் தானாகவே மரியாதை கொடுத்துவிட்டது. தளவாய்க்குக் கைகட்டி நிற்கவேண்டும்போல் இருந்தது. "உள்ள வா," என்று மட்டும் சொன்னார்.

ஆவுடை உள்ளே வந்தாள். திரைச்சீலையைப் பார்த்தாள். நாட்காட்டியைப் பார்த்தாள். படுக்கையறைக்குள் போய், கவிழ்ந்து கிடந்த இதழை எடுத்து நிமிர்த்திப் பார்த்துவிட்டு, அதைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்தாள்.

"இது என்னது?"

"எல்லாம் இருந்தபடி இருக்கு," என்றார் தளவாய். கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது. "ஒண்ணுகூட மாறல."

"அதத்தான் கேக்கேன். இது என்னது?" அவள் குரல் ஏறியது. "கப்பல்ல சாப்பிட உக்காந்தா எங்களுக்குப் பேச்சே இதுதான். இந்நேரம் வீட்ல என்ன செஞ்சிருப்பாக, எந்தச் செவத்த இடிச்சிருப்பாகன்னு. நீங்க இந்தக் கூடத்தப் பெரிசாக்கி ஊஞ்சல் போட்டிருப்பீங்கன்னு நான் நெனச்சேன். மாடியில ஒரு ரூம் எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். இந்தத் திரைச்சீலை, இத வாங்கின அன்னைக்கே எனக்குப் பிடிக்கல! பத்தொன்பது வருஷம் எங்க இருந்தீங்க நீங்க?"

"இங்கதான்."

"இங்க எங்க? இந்த வீட்ல எல்லா எடத்துலயும் நான்தான் இருக்கேன். நீங்க எங்கயுமே இல்லையே!"

அவள் கேட்டது வாரியத்தின் எந்தக் கேள்வியிலும் இல்லாதது.

"என்ன செஞ்சீங்க இத்தன வருஷமும்?"

"தூசி தட்டினேன்," என்றார்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், பத்தொன்பது வருஷத்து எரிச்சல் மொத்தமும் அவருக்கு ஒரே நேரத்தில் தலைக்கு ஏறியது. "வேற என்ன செய்யச் சொல்லுதே? நீ முடிக்காமப் போட்டுட்டுப் போனதுக்கு மூஞ்சி வரஞ்சேன். ஒண்ணுக்கில்ல, நூத்துச் சொச்சம் பேருக்கு! மூணு முடியில, கண்ணு அவிஞ்சு போக வரஞ்சேன். அத வச்சுக்கிட்டு ஒன்ன உள்ள விடமாட்டோம்னுச்சு வாரியம். நேத்து உக்காந்து எல்லாத்தையும் தொடச்சேன். போதுமா?"

ஆவுடை மேசைக்குப் போனாள். குனிந்தாள். கண்டக்டரை இரண்டு விரலில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தாடைக்குக் கீழே, தொப்பியின் நாடாவுக்கு அடியில், துடைத்ததின் மிச்சமாக ஒரு செம்மை இழுபட்டிருந்தது.

"எல்லாத்துக்குமா வரஞ்சே?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்தையுமா தொடச்சே?"

"ஒதுங்கிறவன மட்டும் விட்டுட்டேன். அவன் செவரப் பாத்து நிக்கான், மூஞ்சி தெரியாது."

"கூறுகெட்ட மூதி!" என்றாள் ஆவுடை. கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில் அதை அவள் கவனிக்கவில்லை. "ஒரு வருஷந்தானல? அந்த இல்லத்துல இருந்துட்டு வந்திருப்பேன்ல? வந்து இத்தனையும் பாத்திருப்பேன்ல?"

"ஒனக்கு ஒரு வருஷம்," என்றார் தளவாய். "எனக்கு அது இருபதாவது."

ஆவுடை கையில் இருந்த இதழைத் திரைச்சீலைக் கம்பிக்குப் பின்னால், அது இருக்கக் கூடாத இடத்தில் செருகினாள். நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டாள். இன்னொரு நாற்காலியையும் இழுத்துப் பக்கத்தில் போட்டாள். வண்ணப் பெட்டியைத் திறந்து, மூன்று முடித் தூரிகையைக் கண்டுபிடித்து, அவர் கையில் வைத்தாள்.

"வரை."

"இப்பவா?"

"இப்பத்தான். நான் பாக்கணும்."

"நீ வரையலாமே. ஒன் பொம்மைகதானே."

"நான் வரஞ்சா அது நான். அதுதான் வீடு முழுக்க இருக்கே."

தளவாய் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கண்டக்டரை விட்டுவிட்டு, என்னவோ தோன்றிக் குடைக்காரியை எடுத்தார். முதல் கண் ஓடிப்போய்க் காதில் விழுந்தது. துடைத்தார். மறுபடி வைத்தார். புருவம் வந்தது, சொல்லிவைத்ததுபோல் முடிச்சோடு வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. ஆவுடை உருப்பெருக்கியை வைத்து, அவர் தோளில் தாடை படும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ ஏன் இப்படி மொறைக்கா?"

"எனக்கு இப்படித்தான் வருது."

"இவள முந்தி எப்ப வரஞ்சே?"

"ஒம்பதாம் வருஷம். பத்தா? ஒம்பதுதான்."

"அந்த வருஷம் என்ன நடந்துச்சு?"

தளவாய் யோசித்துப் பார்த்தார். நேர்மையாகவே யோசித்தார். வியாழக்கிழமைகள் வந்துபோயிருந்தன. பக்கத்து வீட்டில் ஒரு மீன் செத்திருந்தது. ஒரு பல் விழுந்திருந்தது, கீழ்வரிசையில்.

"ஒண்ணும் நடக்கல, ஆவுடை."

"எனக்கு அந்த வருஷமே நடக்கல," என்றாள் அவள். "சொல்லு."